கோபக்கார வேட்பாளருக்கு ஓட்டுப் போடலாமா? நெல்லைக்காரங்க சொல்லுங்க

கொக்கிரகுளத்தான்
அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எங்க தெரு வாட்ஸ்அப் குழுவுல ஒரே வீடியோதான் சுத்திக்கிட்டு இருக்கு. நம்ம பக்கம் நிக்கப் போற ஒருத்தரு, மைக் இரையுதுன்னு மைக்செட்காரப் பையனை ஊரு முன்னால கெட்ட வார்த்தையில திட்டுதாரு. கையையும் ஓங்கிட்டாரு, கூட நின்னவங்க பிடிச்சுக்கிட்டாங்க. பேரும் வேண்டாம், கட்சியும் வேண்டாம். தெரிஞ்சவங்களும் எழுதிராதீங்க, இழையைப் பூட்டிருவாங்க.

ஜெயிச்சா மந்திரின்னு பேச்சு அடிபடுது. அதான் கேக்கேன். எங்க அம்மா, "மைக்செட்காரன்ட்ட கை ஓங்குறவன்ட்ட ஒரு இலாகாவைக் குடுத்தா என்னத்துக்கு ஆகும்"ங்காவ. மாமா, "வேலை நடக்கணும்னா சத்தம் போடுற ஆளுதாம்ல வேணும்"ங்காரு. பெரிய பதவிக்கு வரப்போறவரோட கோபத்தை நாம எவ்வளவு தூரம் கணக்குல எடுக்கணும்? ஊழல், கூட்டணிக்கெல்லாம் வேற இழை இருக்கு, அங்க போய்ப் பேசுங்க.

மேலச்செவல்_வயக்காடு
இதுல என்னவே கேள்வி? கோவம் இருக்க இடத்துலதான் குணம் இருக்கும். தாமிரபரணியில பிரியுற கன்னடியன் கால்வாய்ல நாங்க கீழ கிடக்கோம். கார் பருவ நெல்லுக்கு ஜூன் 1 தண்ணி தொறக்கணும்னு பேரு. அணையில தண்ணி கிடந்தாலும் ஆர்டர் வரணும், ஆர்டர் வந்தாலும் மேல உள்ளவன் மடையை அடைக்கணும், அப்புறம்தான் எங்களுக்கு. சாந்தசொரூபி ஒருத்தரையும் பாத்தாச்சு. மாலை போட்டாலும் சிரிப்பாரு, மனு குடுத்தாலும் சிரிப்பாரு. அவருக்கு முன்னால இருந்தவரு இன்ஜினியருக்குப் போன் போட்டுக் கேட்ட கேள்வியை இங்க எழுத முடியாது. மறுநாள் விடியக்காலம் வாய்க்கால்ல தண்ணி. எனக்கு யாரு வேணும்னு நீரே சொல்லும்.

இன்னொண்ணு. விஜயகாந்த் 2012-ல சட்டசபையில நாக்கைக் கடிச்சு விரலை நீட்டுனாரு. சஸ்பெண்ட் பண்ணுனாவ. டிவிக்காரன் அதையே திருப்பித் திருப்பிப் போட்டான். 2023 டிசம்பர்ல அவரு இறந்தப்போ வந்த கூட்டத்தைப் பாத்தீரா? மனசுல வச்சுக் கருவாம வெளிய கொட்டிட்டுப் போற ஆளுன்னுதான் சனங்க அழுதாவ.

பாளை_வாத்தியார்
தம்பி கொக்கிரகுளத்தான், நல்ல கேள்வி. இந்தச் சீமையிலேயே இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

ஜாக்சன் என்று ஒரு கலெக்டர். 1798-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைக் கிஸ்தி பாக்கிக்காக வரச் சொன்னான். இவர் குற்றாலத்துக்குப் போனால் அங்கே பார்க்க மாட்டேன் என்றான். சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அவன் முகாம் போகிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே அலையவிட்டு, மூன்று வாரத்துக்கு மேல் கழித்துச் செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் பார்த்தான். அங்கேயும் உட்காரச் சொல்லவில்லை. நிற்க வைத்தே கேள்வி. பிடித்து வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கைகலப்பு. வாசலில் லெப்டினன்ட் கிளார்க் செத்தான், கட்டபொம்மனின் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

பாக்கியைப் பற்றிப் பேசி முடித்திருக்கலாம். கணக்குப் பார்த்தால் தீர்கிற விஷயம். ஒரு அதிகாரி மூஞ்சியைக் காட்டியதில் உயிர்ச்சேதம் வரை போனது. இதில் கவனிக்க வேண்டியது, கம்பெனிக்காரனே விசாரணை வைத்து ஜாக்சனைப் பதவியிலிருந்து தூக்கினான் என்பது. கட்டபொம்மன் மேல் அவனுக்கு என்ன பாசமா? வசூல் கெட்டுப்போகும் என்ற கணக்குதான். லாபத்துக்கு ஆள்கிறவனுக்கே கலெக்டரின் குணம் முக்கியமாகப் பட்டிருக்கிறது.

மேலச்செவல்_வயக்காடு
வாத்தியாரையா, வெள்ளைக்காரனை இழுத்தா எவன் எதுத்துப் பேச முடியும்? ஜாக்சனைத் தூக்கிட்டு லஷிங்டனைப் போட்டான். அவன் பொறுமைசாலியாவே இருக்கட்டும். மறு வருசம் அக்டோபர் 16 கயத்தாத்துல தூக்குல போட்டானுவளா இல்லியா? கோவக்காரன் விட்ட ஆளைக் கணக்குப் போட்டவன் கொன்னான். இதுல யாரு மேல்?

பாளை_வாத்தியார்
அடி பலமாகத்தான் விழுந்திருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராமநாதபுரத்தில் அன்றைக்கு நாற்காலி போட்டிருந்தால் கயத்தாறு வந்திருக்குமா என்பதையும் யோசியுங்கள்.

நம் காலத்துக்கே வருகிறேன். 1954-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனார். கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். இரண்டு பேரையும் தன் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். சி.எஸ்.ஸிடம் நிதியும் கல்வியும் போனது. எதிர்த்தவனைப் பார்த்தால் உள்ளே கொதிக்காதா? கொதித்திருக்கும். இலாகா ஒதுக்கும்போது அந்தக் கொதிப்பு பேனாவுக்கு வரவில்லை. நான் கேட்பது அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டை_நியூஜெர்சி
இங்க இது பழைய விவாதம். 2008-ல ஒபாமாவை எதிர்த்து நின்ன ஜான் மெக்கெய்னை எல்லாரும் முன்கோபின்னுதான் சொல்லுவாங்க. அவர் கட்சி செனட்டர் தாட் காக்ரனே, இவர் அதிபராகிறதை நினைச்சாலே முதுகுத்தண்டு சில்லிடுதுன்னு பத்திரிகைக்குச் சொன்னார். பிறகு அதே காக்ரன் மெக்கெய்னைத்தான் ஆதரிச்சார், அது வேற கதை. வியட்நாம்ல அஞ்சு வருசத்துக்கு மேல போர்க்கைதியா இருந்த மனுசன். அதனால மனசு நிலையா இருக்காதோன்னு முதல் தடவை போட்டியிட்டப்பவே புரளி கிளப்பினாங்க. 1999 கடைசியில மருத்துவ ஆவணத்தை எல்லாம் பத்திரிகைக்காரங்க பாக்கட்டும்னு திறந்து விட்டார்.

ஆனா அதே ஆளு, 2008 அக்டோபர்ல மினசோட்டாவுல நடந்த கூட்டத்துல அவரோட ஆதரவாளர் அம்மா ஒருத்தங்க ஒபாமாவை அரபுக்காரர்னு சொல்லி நம்ப மாட்டேன்னப்போ, மைக்கை வாங்கி, "இல்லம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், நமக்குள்ள கொள்கையிலதான் வித்தியாசம்"னார். தேர்தலுக்கு ஒரு மாசம்கூட இல்ல. கூட்டமே சூடா இருக்கிற நேரம். அந்த நிமிசத்துல அடங்கிப் பேசத் தெரிஞ்சிருக்கு.

இன்னொருத்தர் ட்ரூமன். 1950 டிசம்பர்ல அவர் மகள் பாட்டுக் கச்சேரியை வாஷிங்டன் போஸ்ட் விமர்சகர் குறை எழுதிட்டார். நாட்டோட அதிபர் கைப்பட கடுதாசி எழுதி அனுப்பினார்: உன்னை நேர்ல பாத்தா உனக்குப் புது மூக்கு தேவைப்படும்னு. கொரியாவுல சண்டை நடந்துக்கிட்டு இருக்கு அப்போ. ஆனா சில மாசம் கழிச்சு, 1951 ஏப்ரல்ல கொரியாச் சண்டையை நடத்துன ஜெனரல் மெக்ஆர்தரைப் பதவியிலிருந்து எடுத்தப்போ அப்படிச் செய்யல. வெளியுறவு மந்திரி அச்செசன், பாதுகாப்பு மந்திரி மார்ஷல், முப்படைத் தளபதிகள் குழுத் தலைவர் பிராட்லி எல்லாரையும் கூப்பிட்டு நாள்கணக்கா கேட்டுட்டுத்தான் உத்தரவு போட்டார். மக மேல உள்ள பாசத்துல தபால்பெட்டி வரைக்கும் போன கோபம், ராணுவ உத்தரவு வரைக்கும் போகல.

அமெரிக்காவுல அதிபர் அணு ஆயுதத்தை ஏவச் சொன்னா வேற யார் சம்மதமும் தேவையில்ல. அதனாலதான் இங்க குணத்தை இப்படிக் குடைஞ்சு பாக்காங்க.

மேலச்செவல்_வயக்காடு
தம்பி, அணுகுண்டு முக்கூடல்லயா வச்சிருக்கோம்?

வண்ணாரப்பேட்டை_நியூஜெர்சி
கூடங்குளத்துல உலை இருக்கு அண்ணாச்சி. குண்டு இல்ல. நீங்க தப்பிச்சீங்க.

கலெக்டராபீஸ்_ஓய்வு
பேசலாமா வேண்டாமான்னு யோசிச்சுத்தான் எழுதுறேன். நான் வருவாய்த்துறையில கிளார்க்கா சேர்ந்து ஓய்வு பெற்றவ. எந்த மாவட்டம், எந்த வருஷம், எந்த ஆள்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

வெளியில இருக்கிறவங்க கோபம்னா கத்துறதுன்னு நினைக்கிறீங்க. ஆபீஸுக்குள்ள இருக்கிறவங்களுக்கு அது வேற மாதிரி. முன்கோபியா ஒரு அதிகாரி வந்து உக்காந்தா முதல்ல மாறுறது டபேதார். காலையில கார்க்கதவைத் திறக்கும்போதே அவரு ஐயா முகத்தைப் படிச்சிருவாரு. "இன்னைக்கு ஃபைலு உள்ள போகாதும்மா"ம்பாரு. நாங்க ஒத்தி வச்சிருவோம். கையெழுத்து அவசரமா வேணும்னு வெளியில ஒரு விதவை உதவித்தொகைக்கு உக்காந்திருப்பா. அவளுக்கு ஐயா கோபமா இருக்காருன்னு சொல்ல முடியுமா? "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க"ம்போம்.

இது சின்ன விஷயம். பெருசு என்னன்னா, கெட்ட செய்தி மேல போகாது. ஒரு மழைக்காலம். ஒரு குளத்துக் கரை கசியுதுன்னு வி.ஏ.ஓ. சாயங்காலமே போன்ல சொல்லிட்டாரு. அன்னைக்கு மதியம்தான் ஆய்வுக்கூட்டத்துல எல்லாரையும் நிக்க வச்சுக் கிழிச்சிருந்தாரு பெரியவரு. "இப்போ போய்ச் சொன்னா ஏன் கவனிக்கலன்னு நம்மளத்தான் கடிப்பாரு, காலையில ஆள் அனுப்பி மூட்டை அடுக்கிட்டுச் சொல்லிக்கலாம்"னு நடுவுல இருந்தவங்க முடிவு பண்ணிட்டாங்க. ராத்திரி கரை போயிருச்சு. ஆள் சேதம் இல்ல, சாமி புண்ணியம். கதிர் வந்த நெல்லு அத்தனையும் மண்ணு மூடிப்போச்சு. அப்புறம் வி.ஏ.ஓ.வுக்கு 17(பி) மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கை. சாயங்காலமே சொன்ன மனுஷனுக்கு!

அவருக்கப்புறம் வந்தவரும் சாந்தமான ஆள் இல்ல. சுள்ளுனு விழுவாரு. ஆனா பத்து நிமிஷம் கழிச்சு மணி அடிப்பாரு. "உக்காரும்மா, என்ன சொல்ல வந்தீங்க, இப்போ முழுசாச் சொல்லுங்க"ம்பாரு. கோபத்துல எழுதுன மெமோவை டிராயர்ல போட்டு வச்சு மறுநாள் படிச்சுட்டு, பாதியைக் கிழிச்சிருவாரு. அவர்ட்ட எல்லாச் செய்தியும் போகும். திட்டு விழும்னு தெரிஞ்சே போய்ச் சொல்லுவோம்.

அதனால நான் ஒரு வேட்பாளரைப் பத்திக் கேட்டா இதைத்தான் கேப்பேன்: அவர் கூட வருஷக்கணக்கா இருக்கிற டிரைவர், பி.ஏ., சமையல்காரர் நிலைச்சு நிக்காங்களா, ஆறு மாசத்துக்கு ஒருத்தர் மாறுறாங்களா? மைக்செட்காரப் பையன் வீடியோவைவிட எனக்கு அது போதும்.

கொக்கிரகுளத்தான்
அக்கா, இதை நான் எதிர்பார்க்கல. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். "அந்தப் பொம்பளை சொல்லுதது சரி"ன்னுட்டாவ.

சந்திப்பு_டீக்கடை
எல்லாரும் கத்துறவனையே பேசிக்கிட்டு இருக்கீங்க. 2017 அக்டோபர் 23 மறந்து போச்சா? நம்ம கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல, திங்கக்கிழமை குறைதீர் நாள் அன்னைக்கு, கந்துவட்டிக் கொடுமைன்னு மனு மேல மனு குடுத்துப் பாத்த குடும்பம், ரெண்டு பச்சைப்பிள்ளைங்களோட தீ வச்சுக்கிட்டுது. அந்தக் குடும்பத்தை எந்த முன்கோபியும் அடிக்கல. மனு நடந்து போற வேகம்தான் அடிச்சுது.

ஆனா அதைப் பத்திக் கேலிச்சித்திரம் வரைஞ்சாரே ஒருத்தர், பாலா, அவரை நவம்பர்ல சென்னையில போய்க் கைது பண்ணி நெல்லைக்குக் கொண்டாந்தாங்க. மறுநாளே ஜாமீன். மனு மேல வராத சூடு படத்து மேல வந்துச்சு. எனக்கு அந்த ரெண்டுந்தான் பயம். ஏழை விஷயத்துல குளிர்ச்சி, தன் மானம்னு வந்தா கொதிப்பு.

பாளை_வாத்தியார்
இதற்கு முன்னோடியும் உண்டு. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ., மந்திரிகளைக் கேலி செய்து ஒரு ஜோக் படம் வந்தது. ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. அப்போது சபாநாயகர் நம் சேரன்மகாதேவித் தொகுதிக்காரர் பி.எச். பாண்டியன். 'வானளாவிய அதிகாரம்' என்று அவர் சொன்னது இன்றும் மேற்கோள். ஊரே எதிர்த்துக் குரல் கொடுக்கவும் சில நாளில் ஆசிரியரை விட்டார்கள். பாண்டியன் சட்டம் படித்தவர், வாதத்தில் யாரும் அசைக்க முடியாது. படித்தவருக்கே ஒரு ஜோக் பொறுக்கவில்லை என்றால், நம் வீடியோக்காரரை மட்டும் என்ன சொல்வது?

தச்சநல்லூர்_தங்கம்
நான் ஒண்ணு கேக்கட்டுமா? இந்த இழையில இதுவரைக்கும் வந்த கோபக்காரங்க எல்லாரும் ஆம்பிளைங்க. ஆம்பிளை கத்துனா "சிங்கம்லே". பொம்பளை கத்துனா "ஆங்காரி", "வீட்ல என்ன பிரச்சினையோ". 1989 மார்ச் 25 பட்ஜெட் அன்னைக்குச் சட்டசபையில நடந்த அமளியை ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொரு மாதிரி சொல்லும், நான் அதுக்குள்ள போகல. அன்னைக்கு வெளிய வந்த ஜெயலலிதா, முதலமைச்சராத்தான் திரும்பி வருவேன்னு சொன்னதும், 1991-ல வந்ததும் எல்லாருக்கும் தெரியும். அது ஆம்பிளை சொல்லியிருந்தா சபதம்னு கொண்டாடிட்டு விட்டிருப்பீங்க. அவங்க விஷயத்துல கடைசி வரைக்கும் "பிடிவாதம், பழிவாங்குற குணம்"னுதான் பேச்சு. அவங்க ஆட்சியில நடந்த தப்பை நான் மறைக்கல. அளவுகோல் ரெண்டா இருக்குன்னுதான் சொல்லுதேன்.

உள்ளாட்சியில இப்போ பாதி இடம் பொம்பளைங்களுக்கு. நம்ம பக்கம் ஊராட்சித் தலைவி மேசையில கையை வச்சுக் கொஞ்சம் சத்தமாக் கேட்டுட்டா, அடுத்த கூட்டத்துக்கு அவ புருஷனை வரச் சொல்லுவாங்க.

சாதியையும் மறைக்க வேண்டாம். இந்தச் சீமையில ஒரு தெருக்காரன் குரலை உசத்துனா வீரம். இன்னொரு தெருக்காரன் அதே குரல்ல பேசுனா "அவனுக்கு என்ன வந்துச்சு இப்போ?" தலைவர் நாற்காலியில உக்காந்திருந்தாலும் கோபப்பட உரிமை இல்லாதவங்க இருக்காங்க. அதனால கோபக்காரனுக்கு ஓட்டு இல்லன்னு பொத்தாம்பொதுவா சட்டம் போட்டீங்கன்னா, முதல்ல அடிபடுறது அவங்கதான்.

மேலச்செவல்_வயக்காடு
தங்கம் சொன்னதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

கோர்ட்டு_ரோடு
வக்கீல்ங்கிற முறையில ரெண்டு வார்த்தை. கோபக்காரர் நிக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல, வரவும் கூடாது. மனநிலை சரியில்லன்னு தகுதியுள்ள நீதிமன்றமே அறிவிச்சிருந்தாத்தான் தகுதியிழப்பு. ஆனா பதவியேற்பு உறுதிமொழியைக் கேட்டிருப்பீங்க: "அச்சமும் ஒருதலைச் சார்பும் இன்றி, விருப்பு வெறுப்பினை விலக்கி". வெறுப்பை விலக்கிட்டு வேலை பாப்பேன்னு ஆளுநர் முன்னால சொல்லித்தான் மந்திரி ஆகுறாங்க. அதனால குணத்தைக் கேக்குறது வம்பு இல்ல, உறுதிமொழியிலேயே இருக்கு.

வீடியோவை விட்டுட்டு வேட்புமனுவோட குடுக்கிற படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைப் படிங்க. 2002-ல உச்ச நீதிமன்றம் சொன்னதுக்கப்புறம்தான் வழக்கு, சொத்து, படிப்பு எல்லாம் அதுல வந்துச்சு. தேர்தல் ஆணையத் தளத்துல யாரும் பாக்கலாம். கட்சிக்காரங்க "20 வழக்கு இருக்கு"ன்னு எண்ணிக்கையை மட்டும் கத்துவாங்க. பிரிவைப் பாருங்க. பழைய இ.பி.கோ.வுல 143, 188, 341-னா பெரும்பாலும் மறியல், ஆர்ப்பாட்டம். தண்ணிக்கும் ரோட்டுக்கும் உக்காந்தவன் மேல எல்லாம் அது இருக்கும். 294(பி) ஆபாசமாத் திட்டுனது, 323 அடிச்சது, 353 அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமத் தாக்குனது, 506 மிரட்டல். 2024 ஜூலை 1-லருந்து நடந்த சம்பவம்னா புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல எண் மாறியிருக்கும்: 296, 115, 132, 351. இதுலயும் பொய் வழக்கு உண்டு. ஆனா வேற வேற ஊர்ல, வேற வேற ஆள் குடுத்த புகாரா 323-ம் 506-ம் திரும்பத் திரும்ப வந்தா, மைக்செட்காரப் பையன் முதல் ஆள் இல்லன்னு அர்த்தம்.

கொக்கிரகுளத்தான்
வக்கீல் சார், போன தடவை நின்னப்போ குடுத்த பத்திரம் இப்போவும் கிடைக்குமா?

கோர்ட்டு_ரோடு
கிடைக்கும். தேர்தல் வருஷம், தொகுதி குடுத்துத் தேடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க.

தென்கால்_கடைமடை
ரெண்டு நாளா வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். மேலச்செவல் அண்ணாச்சி, உங்க ஆளு போன் போட்டு இன்ஜினியரை ஏசுன கதையைப் பெருமையா எழுதியிருக்கீரு. நான் ஸ்ரீவைகுண்டம் தென்கால்ல கடைசி. தாமிரபரணியில மருதூர் தாண்டி, கடைசி அணைக்கட்டு எங்களுது. மேல ஒருத்தர் சத்தம் போட்டுத் தண்ணி வாங்குனா, அந்தத் தண்ணி வானத்துல இருந்தா வந்துச்சு? அணையில கூடுதலாத் திறக்கலவே. எங்க முறையில குறைச்சு உங்க பக்கம் திருப்பி விடுவாவ. எங்க ஊருல வாழை குலை தள்ளுற நேரம் வாய்க்கால்ல செருப்பு நனையாது. அப்போ நாங்க உங்க ஆளைவிடப் பெரிய சத்தம் போடுற ஆளைத் தேடணும். அப்புறம் நீங்க அவரைவிடப் பெரிய ஆளு. இப்பிடியே போனா இன்ஜினியருக்குக் காது போகும், ஆத்துல தண்ணி கூடாது.

மேலச்செவல்_வயக்காடு
நல்லாத்தான் கேக்கீரு. ஆனா சத்தம் போடாம முறை வந்திருக்கா, அதைச் சொல்லும். சாந்தமா இருந்த அஞ்சு வருசமும் எங்களுக்கு வரல்லவே.

தென்கால்_கடைமடை
எங்களுக்கும் வரல்ல. மறைக்க என்ன இருக்கு. எந்த மடை எத்தனை நாள் திறந்திருக்கும்னு ஆபீஸ்ல ஒரு நோட்டுல இருக்கு. அது நமக்குத் தெரியாத வரைக்கும் போன் போடுறவன்தான் ராசா.

கலெக்டராபீஸ்_ஓய்வு
அந்த நோட்டைக் கேட்டு வாங்கலாம். தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி நீர்வளத்துறைக்கு எழுதுங்க. 30 நாள் கெடு.

மேலச்செவல்_வயக்காடு
அப்போ இப்பிடிச் செய்வமா? முறைப் பட்டியலை ஒவ்வொரு மடையிலயும் எழுதி வைக்கணும்னு எழுதி, நிக்கிற எல்லா வேட்பாளர்ட்டயும் கையெழுத்துக் கேப்போம். வீடியோக்காரர்ட்டயும்தான். எவன் மூஞ்சியைக் காட்டுதான்னு அங்கேயே தெரிஞ்சு போகும்.

தென்கால்_கடைமடை
மனுவை நான் எழுதுதேன். கன்னடியன் பக்கம் கையெழுத்து நீரு வாங்கிட்டு வாரும். மருதூர் அணைக்கட்டுப் பாசன ஆளுங்க யாராவது இங்க இருக்கீங்களா?

சந்திப்பு_டீக்கடை
கருங்குளத்துல எங்க சித்தப்பா இருக்காரு. நம்பரைத் தனிச்செய்தியில அனுப்புதேன். சொல்லிருதேன், அவரும் கொஞ்சம் கோவக்காரருதான்.